படத்தில் உள்ளபடியே செய்தும் அம்ப் ஏன் இரைகிறது?

சாவகச்சேரியிலிருந்து எழுதியிருக்கும் தம்பியின் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும். எல்ஏ 4440 சிப்பை வைத்து ஒரு ஸ்டீரியோ அம்பிளிஃபயரை டொட் போர்ட்டில், அதாவது வரிசையாகத் துளை போட்ட போர்ட்டில், கட்டியிருக்கிறார். பவருக்கு 12 வோல்ற் ரான்ஸ்ஃபோமர், நான்கு டயோட், 2200 மைக்ரோஃபரட் கப்பாசிற்றர் ஒன்று. பாட்டு ஃபோனிலிருந்து வருகிறது. டேட்டாஷீற்றில், அதாவது சிப் செய்தவர்கள் தரும் விவரத்தாளில், உள்ள படத்தைக் கோட்டுக்குக் கோடு பார்த்தே செய்தாராம். ஆனாலும் இரைகிறது. வொலியூமைக் கால்வாசி கூட்டினாலே குரல் உடைகிறது, இன்னும் கூட்டினால் மீன்பிடி வள்ளத்து எஞ்சின் மாதிரி ‘டொப் டொப்’ என்று அடிக்கிறது. இரண்டு சிப் செத்தும் போய்விட்டன. இதை எறிந்துவிட்டு ரிடிஏ 7297 என்ற வேறு சிப் வாங்கவா, இல்லை கிளாஸ் டி வகையில் ரெடிமேட் மொடியூல் வாங்கவா என்று கேட்கிறார்.

பார்த்தால் எந்தச் சிப் நல்லது என்ற கேள்வி மாதிரி இருக்கிறது. உண்மையில் அவர் கேட்பது வேறு: இதே படத்தை வைத்து இன்னொருவர் செய்தது பாடுகிறது, என்னுடையது ஏன் பாடவில்லை? அதற்கு விடை பிடிபடாமல் அடுத்த சிப்பை வாங்கினால், அதுவும் இரையத்தான் போகிறது. நான் கொக்குவிலில் சின்னத் திருத்தகம் ஒன்றை இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக நடத்துகிறேன். பொறியியல் பட்டம் கிடையாது; ஏ லெவல் பௌதிகவியலும் சூட்டுக்கோலும்தான் என் படிப்பு. போர்ட்டை நேரில் பார்க்காமல் சொல்வதால், எது நிச்சயம், எது என் ஊகம் என்று பிரித்தே சொல்கிறேன்.

சந்தேகமே இல்லாத ஒன்றிலிருந்து தொடங்குவோம். கால்வாசியில் குரல் உடைவது சிப்பின் பிழை அல்ல, அது வெறும் கணக்கு. எல்ஏ 4440 சான்யோவின் பழைய சிப். கார் கசற் செற்றுகளில் நிறையப் புழங்கியது. அதன் பெருக்கம் 51.5 டெசிபெல். அதாவது உள்ளே போகிற வோல்ற்றளவை ஏறக்குறைய 375 மடங்காக்கி வெளியே விடும். 13.2 வோல்ற் சப்ளையும் 4 ஓம் ஸ்பீக்கரும் இருந்தால் இடம், வலம் என்று பக்கத்துக்கு 6 வாற் என்கிறது டேட்டாஷீற். 4 ஓமில் 6 வாற் வர 4.9 வோல்ற் வேண்டும். அதை 375ஆல் வகுத்துப் பாருங்கள், 13 மில்லிவோல்ற் வரும். ஃபோனின் ஹெட்ஃபோன் துளையோ அரை வோல்ற் வரை தாராளமாகத் தரும். சங்கில் பருக்க வேண்டிய பிள்ளைக்குக் குடத்தால் ஊற்றுகிறீர்கள்.

திருத்தம் சுலபம். சிப்பின் உள்ளீட்டுக் காலுக்குப் போகும் வழியில், இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாக, 33 கிலோஓம் ரெசிஸ்ரர் ஒன்றைத் தொடரில் போட்டு, அதன் பின்னால் 1 கிலோஓம் ஒன்றை ஏர்த்துக்கு, அதாவது சப்ளையின் மைனஸ் பக்கத்துக்கு, இறக்குங்கள். அரை வோல்ற் 15 மில்லிவோல்ற் ஆகிவிடும். வொலியூம் கொன்ட்ரோலுக்கு 10 கிலோஓம் இரட்டைப் பொட் (திருகிக் கூட்டிக் குறைக்கிற ரெசிஸ்ரர்) போதும், அது இந்த இரண்டு ரெசிஸ்ரருக்கும் முன்னால் வர வேண்டும். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. இவற்றை ஃபோன் பக்கத்தில் வைக்காமல் சிப்புக்கு ஒட்டினாற்போல வையுங்கள். அப்போது வயர் வழியில் பொறுக்கி வருகிற 50 ஹேர்ட்ஸ் இரைச்சலும் சேர்ந்து 34இல் ஒரு பங்காகக் குறையும். ஃபோன் பக்கத்தில் வைத்தால் பாட்டு மட்டும் குறையும், இரைச்சல் அப்படியே வரும். அந்த 6 வாற் என்பதையும் பெரிதாக நம்ப வேண்டாம். 10 வீதம் உடைந்த சத்தத்தில் அளந்த அளவு அது. சுத்தமாக 4 வாற் வந்தால் சந்தோஷப்படுங்கள். நாலு பேர் இருக்கிற விறாந்தைக்கு அது தாராளம்.

இரைச்சலுக்கு வருவோம். எல்லாரும் சறுக்குகிற இடம் இதுதான், நானும் சறுக்கியிருக்கிறேன். ஏர்த் என்று நான் சொல்வது திருத்தகத்துப் பேச்சு. வீட்டு வயரிங்கின் எர்த் அல்ல, சப்ளையின் மைனஸ் பக்கம். படத்தில் ஏர்த் குறியை எங்கே போட்டாலும் எல்லாம் ஒரே இடம்தான். போர்ட்டில் அப்படி இல்லை. போர்ட்டில் ஏர்த் என்பது ஒரு வயர், வயர் என்றால் தடை உண்டு. 0.2 சதுர மில்லிமீற்றர் மெல்லிய வயரில் 10 சென்ரிமீற்றர் துண்டுக்கு ஏறக்குறைய 9 மில்லிஓம். ஒன்றுமில்லை என்று தோன்றும். ஸ்பீக்கரிலிருந்து திரும்பி வரும் மின்னோட்டம் 1 அம்பியர் என்று வைத்துக்கொண்டால், அந்தத் துண்டின் இரண்டு நுனிக்கும் இடையில் 9 மில்லிவோல்ற் விழும். இந்தச் சிப்புக்கு முழுச் சத்தம் போட 13 மில்லிவோல்ற் போதும் என்று இப்போதுதான் பார்த்தோம். ஆக, உள்ளீட்டின் ஏர்த்தும் ஸ்பீக்கரின் ஏர்த்தும் அந்தத் துண்டைப் பங்குபோட்டால், சிப்பின் காதில் பாட்டுக்குச் சமமாக இன்னொரு பாட்டு கேட்கிறது. அதையும் அது 375 மடங்காக்கும்.

ரான்ஸ்ஃபோமர் சப்ளையில் இன்னும் மோசம். டயோட்டுகள் கப்பாசிற்றரைத் தொடர்ச்சியாக நிரப்புவதில்லை. செக்கனுக்கு 100 தரம், ஒவ்வொரு தரமும் சில மில்லிசெக்கன் மட்டும், சராசரியைப் போலப் பல மடங்கு மின்னோட்டத்தைக் கொட்டுகின்றன. அந்தக் கொட்டல் ஓடுகிற வயரில் உள்ளீட்டு ஏர்த் எங்காவது தொட்டால், கேட்பது 100 ஹேர்ட்ஸ் இரைச்சல். 33 கிலோஓமும் 1 கிலோஓமும் இதற்கு மருந்தல்ல. இது அவற்றுக்குப் பின்னால் நுழைகிறது. ஆகவே நான்கு டயோட்டும் சேர்ந்த பாலத்தின் மைனஸ் நேரே பெரிய கப்பாசிற்றரின் மைனஸ் காலுக்கு வரட்டும், இடையில் எதையும் தொடாமல். அந்தக் காலிலிருந்து தடித்த வயராகச் சிப்பின் பவர் ஏர்த் கால்களுக்குப் போங்கள். இரண்டு ஸ்பீக்கர்களின் மைனஸும் தனித்தனி வயராக அதே காலுக்குத் திரும்பட்டும். வொலியூமின் ஏர்த், உள்ளீட்டு வயரைச் சுற்றியிருக்கும் கம்பி வலை, 1 கிலோஓம் ரெசிஸ்ரர்களின் கால், இவை எல்லாம் சிப்பின் முன்பகுதிக்கென்றே உள்ள ஏர்த் காலில் சேரட்டும். அங்கிருந்து ஒரே ஒரு வயர் பெரிய கப்பாசிற்றருக்கு. முன்பகுதிக்கு ஒரு ஏர்த் கால், பவர் பகுதிகளுக்கு வேறு இரண்டு என்று சான்யோக்காரர்களே பிரித்துத் தந்திருக்கிறார்கள். நாங்கள்தான் டொட் போர்ட்டில் ஈயத்தை ஒரே கோடாக இழுத்து எல்லாவற்றையும் ஒட்டிவிடுகிறோம்.

உங்கள் இரைச்சல் இதனால்தான் என்று சத்தியம் பண்ண மாட்டேன், ஆனால் பந்தயம் கட்டுவேன். கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். சிப்பின் உள்ளீட்டுக் கப்பாசிற்றருக்கு முன்னால், அந்த இடத்தையும் முன்பகுதி ஏர்த் காலையும் ஒரு குட்டி வயரால் தொடுத்துவிடுங்கள். இரைச்சல் நின்றால் அது வெளியிலிருந்து, அதாவது வயர், பொட், ஃபோன் வழியாக வருகிறது. நிற்காவிட்டால் சப்ளையும் ஏர்த்தும்தான் குற்றவாளிகள். ஃபோனைச் சார்ஜரிலிருந்து கழற்றியும் ஒருமுறை கேளுங்கள். சார்ஜில் இருக்கும்போது மட்டும் இரைகிறது என்றால் சேர்க்கிற்றை நோண்டி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இந்த 100 ஹேர்ட்ஸ் சங்கதியை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. 1990இல் யாழ்ப்பாணத்தில் கரண்ட் நின்றது. பிறகு வருடக்கணக்கில் இல்லை. பற்றரிக்கும் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில்தான் ரேடியோ கேட்டோம். சுற்றுவது என் வேலை, கேட்பது அப்பாவும் அயலட்டையும். டைனமோ தருவது ஏசி. டயோட் போட்டாலும் கப்பாசிற்றர் சின்னதாக இருந்தால், செய்தி வாசிப்பவரின் குரலுக்குக் கீழே ஓர் உறுமல் கேட்கும். கை ஓய்ந்தால் உறுமலின் சுருதி இறங்கும், வேகமாகச் சுற்றினால் ஏறும். ஒருநாள் பழைய ரேடியோ ஒன்றில் கழற்றிய பெரிய கப்பாசிற்றரைக் குறுக்கே வைத்தபோது உறுமல் பாதியாக அடங்கியது. அன்றைக்குத்தான் இந்தத் தொழிலில் ஆசை பிடித்தது. பள்ளிக்கூடத்தில் கப்பாசிற்றரைக் கொள்ளளவி, அம்பிளிஃபயரை விரியலாக்கி என்றெல்லாம் படித்தபோது, இதைத்தானே கையால் சுற்றினோம் என்று இருந்தது.

சரி, அந்த ‘டொப் டொப்’. இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம், எது என்று இங்கிருந்து சொல்ல முடியாது. ஒன்று மேலே சொன்ன ஏர்த் பிரச்சினையே, வேறு உருவத்தில். மற்றது சப்ளை தொய்வது. இரண்டு பக்கமும் முழுச் சத்தத்தில் ஓடும்போது சப்ளையிலிருந்து 1 அம்பியர் அளவில் இழுக்கும். ஒரு நிரப்புதலுக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறக்குறைய 10 மில்லிசெக்கன். அந்த நேரத்தில் 2200 மைக்ரோஃபரட் 4 வோல்ற்றுக்கு மேல் இறங்கிவிடும். 12, 13 வோல்ற்றில் 4 போனால் மிச்சம் என்ன? பாஸ் அடிக்கும்போது சப்ளை விழுகிறது, அதோடு முன்பகுதியின் சப்ளையும் தளம்புகிறது, அந்தத் தளம்பல் பெருகி வெளியே வந்து சப்ளையை மறுபடி விழுத்துகிறது. அதுதான் வள்ளத்து எஞ்சின். 10,000 மைக்ரோஃபரட் போட்டால் இறக்கம் 1 வோல்ற் அளவுக்கு வரும். 4700 இரண்டைப் பக்கத்துப் பக்கத்தில் போட்டாலும் சரி. அதைவிட, சிப்பில், சப்ளையின் தளம்பலை வடிகட்டும் ரிப்பிள் ஃபில்ற்றர் என்று ஒரு காலுக்கு ஒரு கப்பாசிற்றர் கேட்டிருக்கும். கையில் இல்லை என்று அதைச் சின்னதாகப் போட்டீர்களா என்று பாருங்கள். பல பேர் அதைத்தான் செய்கிறார்கள். எது காரணம் என்று பிரித்துப் பார்க்க, மோட்டார் சைக்கிள் பற்றரியில் ஓடவிடுங்கள். பற்றரியில் அடிக்காவிட்டால் சப்ளை. பற்றரியிலும் அடித்தால் ஏர்த்.

இப்போது செத்த இரண்டு சிப்புகள். சந்தேக நபர்கள் மூன்று பேர். முதலாவது, ‘12 வோல்ற் ரான்ஸ்ஃபோமர்’ என்ற பெயர். அது 12 வோல்ற் ஏசி. டயோட்டும் கப்பாசிற்றரும் சேர்ந்தால் 1.414 மடங்கு, அதில் டயோட்டுகளுக்கு 1.4 கழிந்தால் 15.6 வோல்ற் டிசி. அதுவும் முழுச் சுமையில். சுமை இல்லாதபோது சின்ன ரான்ஸ்ஃபோமர் 13.5, 14 வோல்ற் தருவது வழமை; இரவில் லைன் 240க்கு ஏறினால் கப்பாசிற்றரில் 18 வோல்ற்றைத் தாண்டிவிடும். இந்தச் சிப் வேலை செய்யும்போது தாங்கும் எல்லையே 18. மீற்றரை வைத்து, பாட்டு இல்லாமல், இரவு ஒன்பது மணிக்கு ஒருதரம் அளந்து பாருங்கள். 16ஐத் தாண்டினால் 9 வோல்ற் ரான்ஸ்ஃபோமருக்கு மாறுங்கள்.

இரண்டாவது, காதுக்குக் கேட்காத ஊளை. வெளியீட்டிலிருந்து ஏர்த்துக்கு 0.1 மைக்ரோஃபரட் கப்பாசிற்றரும் சில ஓம் ரெசிஸ்ரரும் தொடரில் போகும். பாட்டுக்கு அதனால் ஒரு பலனும் இல்லை என்று நினைத்து அதை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அது இல்லாவிட்டால், அல்லது சிப்பிலிருந்து தூரத்தில் இருந்தால், சிப் நூற்றுக்கணக்கான கிலோஹேர்ட்ஸில் தனக்குத்தானே பாடிக்கொண்டு சூடாகும். ஒசிலோஸ்கோப் இல்லையென்றால் என் வழி: ஒரு சின்ன ஏஎம் ரேடியோவைத் திருச்சி நிலையத்தில் வைத்துவிட்டு அம்புக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். அம்பைப் போட்டவுடன் விசிலோ சீறலோ வந்தால் ஊளை இருக்கிறது. மீற்றரிலும் தெரியும். பாட்டு இல்லாதபோது இந்தச் சிப் 100 மில்லிஅம்பியர் அளவில் குடிக்கும். 300, 400 என்று காட்டினால் ஏதோ பிழை. இந்தக் கப்பாசிற்றர் ஃபில்ம் வகையாக இருக்கட்டும், செரமிக் வேண்டாம்.

மூன்றாவது சூடு. நல்ல சத்தத்தில் 4 ஓம் ஸ்பீக்கருக்குப் பக்கத்துக்கு 2.2 வாற், சும்மா இருக்கக் குடிப்பது 1.3 வாற், எல்லாம் சேர்த்து 6 வாற்றுக்குக் கிட்ட சிப்பில் சூடாகப் போகும். சித்திரை வெயிலில் எங்கள் தகரக் கூரைக்குக் கீழே, மூடிய பெட்டிக்குள் 45 பாகை என்று வைத்துக்கொள்ளுங்கள். சிப்பின் முதுகு 80ஐத் தாண்டக் கூடாது என்றால் வாற்றுக்கு 6 பாகைக்குள் நிற்கிற ஹீற்சிங், அதாவது சூட்டை வெளியே விடும் அலுமினியத் தகடு, வேண்டும். தீப்பெட்டி அளவுத் தகட்டில் அது நடக்காது. உள்ளங்கை அளவில், சிறகு உள்ள அலுமினியத் துண்டு வையுங்கள், சிறகுகள் நிமிர்ந்து நிற்கட்டும், பெட்டிக்கு மேலும் கீழும் துளை விடுங்கள்.

போலிச் சிப்பா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இருக்கலாம். சான்யோவின் சிப் பிரிவு 2011இல் ஒன் செமிகண்டக்டர் கைக்குப் போய்விட்டது. இன்று கடையில் புதுப் பளபளப்போடு கிடைக்கும் 4440இல் பெரும்பாலானவை வேறு யாரோ செய்தவை. எல்லாம் கெட்டவை என்றும் இல்லை. நானே ஒரு தடவை ஐந்து வாங்கி, இரண்டைப் பவர் கொடுத்த அன்றைக்கே குப்பையில் போட்டேன். மற்ற மூன்றும் இன்றைக்கும் பாடுகின்றன. ஆனால் போலி என்பது கடைசியில் வர வேண்டிய முடிவு. ஏர்த்தைத் திருத்தாமல் சிப்பில் பழியைப் போடுவது, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதை.

இனி எது வாங்குவது என்ற கேள்வி. ரிடிஏ 7297 நல்ல சிப்தான். ஒவ்வொரு பக்கமும் பாலமாக, அதாவது ஸ்பீக்கரின் இரண்டு நுனியையும் சிப்பே ஓட்டுகிற மாதிரி, வேலை செய்வதால் வெளியீட்டில் பெரிய கப்பாசிற்றர் வேண்டாம், 12 வோல்ற்றில் 8 ஓம் ஸ்பீக்கருக்குச் சுத்தமாக 6 வாற் கிட்டத் தரும். பெருக்கம் 32 டெசிபெல், அதாவது 40 மடங்கு மட்டுமே. ஆகையால் ஃபோனோடு ஒத்துப்போகும், ஏர்த் பிழையையும் உங்கள் 4440ஐ விடப் பத்தில் ஒரு பங்குதான் பெரிதாக்கும். ‘சிப்பை மாற்றினேன், இரைச்சல் போய்விட்டது’ என்று சிலர் எழுதுவதன் ரகசியம் இதுதான். ஆனால் ஸ்பீக்கரின் இரண்டு வயருமே உயிருள்ளவை. ஒன்றைக்கூட ஏர்த்தில் தொட விடக் கூடாது. ஓட்டோவில் பூட்டுகிறவர்கள் ஸ்பீக்கரின் மைனஸை ஓட்டோவின் இரும்பு பொடியில் கொடுத்துச் சிப்பைக் கொல்வது இப்படித்தான். மியூட், ஸ்ராண்ட்பை என்ற இரண்டு கால்களையும் சும்மா விட்டால் மௌனமாக இருக்கும், பயப்பட வேண்டாம். 4 ஓம் ஸ்பீக்கரைக் கொடுத்தால் சூடு இரட்டிக்கும், அதனால் உங்களிடம் இருப்பது 4 ஓம் என்றால் 4440தான் பொருத்தம்.

ரிபிஏ 3116 போன்ற கிளாஸ் டி சிப்புகளை நான் மொடியூலாக மட்டும்தான் பூட்டியிருக்கிறேன், போர்ட் வடிவமைத்ததில்லை. ஆகவே அதில் என் சொல்லுக்கு அவ்வளவு நிறை இல்லை. தெரிந்தது இவ்வளவு: 400 கிலோஹேர்ட்ஸும் அதற்கு மேலும் திறந்து மூடுகிற சிப்பை டொட் போர்ட்டில் கட்ட முடியாது. பற்றரியிலும் சோலரிலும் ஓட்டுவதற்கு அதைப்போல வேறொன்று இல்லை. கொடுக்கும் கரண்டில் பெரும்பங்கு ஸ்பீக்கருக்கே போகும். பாட்டுக் கேட்பதுதான் நோக்கம் என்றால் மொடியூலை வாங்குங்கள். கற்பதுதான் நோக்கம் என்றால் இந்த 4440ஐத் திருத்துங்கள்.

மூன்றாவது சிப்பைப் போட முன்னம் ஒன்று செய்யுங்கள். பெரிய கப்பாசிற்றருக்கும் சிப்புக்கும் இடையில் ப்ளஸ் வயரை வெட்டி, மோட்டார் சைக்கிள் சிக்னல் பல்ப், 12 வோல்ற் 10 வாற், ஒன்றைத் தொடரில் வையுங்கள். ஸ்பீக்கர் வேண்டாம், உள்ளீட்டை ஏர்த்தோடு தொடுத்துவிடுங்கள். பவர் கொடுத்ததும் பல்ப் ஒருமுறை மின்னி மங்கினால் நல்லது. பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் உடனே நிறுத்துங்கள், சிப் தப்பிவிடும். மங்கிவிட்டால் மீற்றரின் கறுப்பு முனையை ஏர்த்தில் வைத்து, சிப்பின் சப்ளைக் காலில் எவ்வளவு, இரண்டு வெளியீட்டுக் கால்களிலும் எவ்வளவு என்று அளந்து எழுதுங்கள். வெளியீடு இரண்டும் சப்ளையில் பாதிக்குக் கிட்ட இருக்க வேண்டும். போர்ட்டின் அடிப்பக்கத்தையும் வெளிச்சத்தில் வைத்து ஒரு படம் எடுத்துப் போடுங்கள், ஏர்த் எப்படிப் போகிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.